பார்த்துக்கொள்பவரைப் பார்த்துக்கொள்ள

இந்த அத்தியாயம் நோயாளிக்குச் சோறு ஊட்டுகிறவருக்காக எழுதியதல்ல. அவருக்கு உட்கார்ந்து படிக்க நேரமிருக்காது. அடுத்த தெருவில் இருக்கும் தங்கை, பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன், ‘அதான் அண்ணி இருக்காங்களே’ என்று நிம்மதியாக இருக்கும் கொழுந்தன், இவர்களுக்காக எழுதியது.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் இருப்பது வீட்டில்தான். அவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, இரவில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்: மனைவி, மகள், அல்லது மருமகள்.

அந்த ஆளிடம் போனில் ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரே யோசித்து, உங்களுக்குத் தோதான நேரமும் பார்த்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற வேலையோடு இது இன்னொரு வேலை. ‘ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துடறேன். ரெண்டு மணி வரைக்கும் அப்பா என் பொறுப்பு’ என்று சொல்லுங்கள். கிழமை, நேரம், பொறுப்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு முழு நாள் தங்குங்கள்

எப்போதாவது வருகிறவர் முன்னால் மறதி நோயாளிகள் பலர் தெளிவாகிவிடுவார்கள். ‘வாப்பா, சாப்டியா, பசங்க நல்லா இருக்காங்களா’ என்ற உபசாரம் பல வருடப் பழக்கம். நோய் அதை எளிதில் தொடுவதில்லை. அரை மணி நேரம் காபி குடித்துவிட்டுக் கிளம்பும் மகன் அக்காவிடம் சொல்கிறார்: ‘அப்பா நல்லாத்தானே இருக்கார், நீதான் பெரிசு பண்றே.’ இந்த ஒரு வாக்கியத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. எனவே எதையும் சொல்வதற்கு முன்னால் 24 மணி நேரம் அங்கே இருங்கள்.

1. சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் போய்ச் சேருங்கள். பலருக்குப் பொழுது சாயும்போதுதான் குழப்பம் கூடும். ஒரே இடத்தில் உட்கார மாட்டார், ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார், கதவைத் திறக்கச் சொல்வார்.

2. இரவு நோயாளியின் அறையிலேயே படுங்கள். அவர் எத்தனை முறை எழுந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு நோட்டில் மணிவாரியாக, பார்த்துக்கொள்பவர் செய்வதை எழுதுங்கள். பாத்ரூம் ஈரத்தைத் துடைப்பது, மாத்திரை எப்போது தீரும் என்று மனதில் கணக்குப் போடுவது, பத்தாவது தடவை கேட்ட கேள்விக்கு முதல் தடவைபோலப் பதில் சொல்வது, எல்லாம் அதில் வர வேண்டும்.

4. யோசனை சொல்லாதீர்கள். வல்லாரைக் கீரை, வாட்ஸப்பில் வந்த எண்ணெய், ஊருக்கு வெளியே ஒரு வைத்தியர், எதுவும் வேண்டாம். அவர் எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டிருப்பார்.

5. கிளம்பும்முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ பதில் உங்கள் ஊகத்துக்குப் பொருந்தாமல் போகலாம். மலம் அள்ளுவதைவிட, ‘என் மோதிரத்தை நீதான் எடுத்துட்டே’ என்ற பழி சிலரை அதிகம் உடைக்கிறது. சிலருக்குக் குறை, கோயிலுக்குப் போய்வர ஒரு மணி நேரம் கிடைக்காதது.

வேலையை வேரோடு எடுங்கள்

எந்த வேலைக்குள்ளும் மூன்று இருக்கிறது: நினைவு வைப்பது, ஏற்பாடு செய்வது, செய்து முடிப்பது. ‘மாத்திரை வாங்கிட்டு வரேன், என்னென்னன்னு எழுதி அனுப்பு’ என்றால் கடைசி ஒன்றைத்தான் எடுத்திருக்கிறீர்கள். மற்ற இரண்டும் அக்காவின் தலையில்தான். எடுத்தால் மூன்றையும் எடுங்கள். வெளியூரில் இருப்பவரும் முழுதாக எடுக்கக்கூடியவை:

• மருந்து: சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வந்து சேரும்படி பார்ப்பது. டயப்பரும் இதில் சேர்த்தி.

• டாக்டர்: முன்பதிவு, வண்டி ஏற்பாடு, கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல். டாக்டரிடம் நோயாளியின் முன்னால் பேச முடியாத விஷயங்கள் இருக்கும். அவற்றை எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

• ஓய்வூதிய உயிர்வாழ் சான்று: மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே முடிக்கலாம், கட்டணம் செலுத்தினால் தபால்காரரும் வீட்டுக்கு வருவார். தள்ளாதவரை வரிசையில் நிறுத்தாதீர்கள்.

• கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ், காப்பீடு: மொத்தமாக உங்கள் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புவதும் உதவிதான், அனுப்பும் முறை சரியாக இருந்தால். மாதாமாதம் ஒரே தேதியில், ஒரே தொகை, பார்த்துக்கொள்பவரின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். பால், பழம், ஆட்டோவுக்கெல்லாம் கணக்குக் கேட்காதீர்கள். வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மகளிடம் 200 ரூபாய்க்கு ரசீது கேட்பது சிக்கனம் ஆகாது.

பத்திரங்கள் பற்றி ஒன்று, அவசரமாக. ‘அப்பா எனக்குப் பவர் குடுத்திருக்கார், பார்த்துக்கலாம்’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பவர் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் அந்தப் பவர் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. பிறகு நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டிவரும். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே, அவருக்குப் புரிந்து சம்மதம் சொல்ல முடிகிறபோதே, வங்கிக் கணக்கை இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக்குவது, நாமினி, உயில் எல்லாவற்றையும் முடியுங்கள். உயில் எழுதும் நாளில் ‘புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார்’ என்ற மருத்துவர் சான்று இருந்தால் பின்னால் வம்பு குறையும். உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

பொறுப்பைக் கைமாற்றும் முறை

வாரத்தில் ஒரு முறை, நான்கு மணி நேரமாவது பார்த்துக்கொள்பவர் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே ‘போய்ப் படு’ என்றால் அவர் காது இந்தப் பக்கமே இருக்கும்.

1. முதல் வாரம் அவர் இருக்கும்போதே எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லட்டும்.

2. அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: நோயாளி எந்த டம்ளரில் கொடுத்தால் குடிப்பார், எந்தப் பக்கம் கை பிடித்தால் எழுந்திருப்பார், கோபம் வருமுன் முகம் எப்படி மாறும், எந்தப் பாட்டுக்கு அடங்குவார், எந்தப் பெயரைச் சொல்லக்கூடாது.

3. இரண்டாம் வாரம் அவர் ஒரு மணி நேரம் வெளியே போகட்டும். மூன்றாம் வாரம் நான்கு மணி நேரம்.

4. அவர் கிளம்பும்போது நோயாளியிடம் நீண்ட விடைபெறல் வேண்டாம். நோயாளியைச் சாப்பாட்டிலோ பாட்டிலோ ஈடுபடுத்திவிட்டு அவரை வழியனுப்புங்கள்.

5. இடையில் போன் செய்யாதீர்கள். ‘துண்டு எங்க இருக்கு?’ என்று கேட்டால் அவருடைய நான்கு மணி நேரமும் போயிற்று. துண்டு கிடைக்காவிட்டால் வேட்டியால் துடையுங்கள்.

6. திரும்பி வந்ததும் நடந்ததைச் சொல்லுங்கள், சாப்பிட்டது, போனது, தூங்கியது. ‘என்கிட்ட சமர்த்தா இருந்தார், உன்கிட்டதான் அடம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் சில தடவை அவர் போக மறுப்பார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம், தன்னைத் தவிர யாருக்கும் முடியாது என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்து இழுக்கும். வற்புறுத்த வேண்டாம். அதே கிழமை, அதே நேரத்துக்கு வந்துகொண்டே இருங்கள். கோவாவில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதி நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு 15 நாளுக்கு ஒரு முறையாவது ஆறு மாதம் அனுப்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது என்று 2008-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் ஆலோசனையும் ஆறுதலும்தான், ஆனால் தவறாமல் வந்தார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு வராமல் போவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம்.

அந்த நான்கு மணி நேரத்தில்

‘வீட்டுக்குப் போகணும்’ என்றால் ‘இதுதான் உங்க வீடு’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அவர் கேட்கும் வீடு திருவாரூரில் இருபது வயதில் விட்டுவந்த வீடாக இருக்கலாம். ‘போகலாம்ப்பா. அங்க கொல்லையில என்ன மரம் இருந்துது?’ என்று கேளுங்கள். மரத்தைச் சொல்லத் தொடங்கினால் கதவை மறப்பார். பசி, மூத்திரம் முட்டுவது, புழுக்கம், இவற்றையும் சொல்லத் தெரியாமல் ‘போகணும்’ என்பார்கள். எனவே முதலில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

இறந்துபோன அம்மாவை எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் மரணச் செய்தி சொல்லாதீர்கள். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார். ‘அம்மா நெனப்பு வந்துடுச்சா? அம்மா வைக்கற மோர்க்குழம்பு…’ என்று அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

சாவியை, பணத்தைத் திருடிவிட்டாய் என்று பழி போட்டால், ‘நான் எடுக்கலை’ என்ற வாதம் எடுபடாது. ‘காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்’ என்று எழுந்திருங்கள். அதே போன்ற பர்ஸ், சாவிக்கொத்து இன்னொன்று வாங்கி வைப்பது நல்ல உத்தி.

குளிக்க மறுத்தால் விட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். குளிர், வழுக்கும் பயம், அடுத்தவர் முன் துணி களையும் கூச்சம், மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். முதலில் காலுக்கு ஒரு சொம்பு ஊற்றுங்கள், தலைக்குக் கடைசியில். மேலே ஒரு துண்டு போர்த்தியபடியே குளிப்பாட்டலாம். ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் குடி முழுகிவிடாது.

கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, பூத் தொடுப்பது, துண்டு மடிப்பது. தப்பாக மடித்தால் திருத்த வேண்டாம். அவர் உள்ளே போனதும் பிரித்து வைத்துவிட்டால் நாளைக்கும் ஆயிற்று.

பாதுகாப்பு: போனதும் பார்க்க வேண்டியவை

• பாத்ரூம், படுக்கையறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் நிற்பது அடிக்கடி நடக்கும்.

• சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்புக் குமிழை மூடுவது மட்டும் போதாது.

• ஃபினாயில், ஆசிட், எறும்பு மருந்து, பழைய மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த எந்தத் திரவமும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

• வெந்நீரை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவர் மேல் ஊற்றுங்கள்.

• படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. நடுவில் மிதியடி, வயர், ஸ்டூல் வேண்டாம். கிணறு, தொட்டி இருந்தால் மூடி பூட்டுங்கள்.

• சாப்பாடு நிமிர்ந்து உட்கார்ந்துதான். வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்த கவளம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிதில் இறங்கும்.

• ஆளை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள். தீப்பிடித்தால் அவருக்குத் திறக்கத் தெரியாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, அரிப்புக்கான அவில், தூக்க மாத்திரை ஆகியவை இவர்களின் குழப்பத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். எந்தப் புது மாத்திரையும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். ‘ராத்திரி அடங்கிப் படுக்க ஏதாவது குடுங்க’ என்று கேட்டு வாங்கும் மனநோய் மருந்துகளுக்கு இந்த வயதில் பக்கவாதம் உள்ளிட்ட ஆபத்துகள் உண்டு. தேவைப்படும் நிலை வரலாம். அதை நிபுணர் தீர்மானிக்கட்டும்.

ஆள் காணாமல் போனால்

1. முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்: பாத்ரூம், மாடி, கட்டிலுக்குப் பின்னால், நிறுத்தியிருக்கும் கார்.

2. ஒருவர் வீட்டிலேயே இருக்க, மற்றவர்கள் தெருவுக்கு. பழைய தடங்களை நினைத்துப் பாருங்கள்: வேலை பார்த்த இடம், கோயில், பஸ் ஸ்டாப். கிணறு, குளம், நெடுஞ்சாலை பக்கம் முதலில் ஆள் போகட்டும்.

3. கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 112-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது தவறான நம்பிக்கை.

இதற்கான ஏற்பாடு இன்றே இருக்க வேண்டும்: சமீபத்திய போட்டோ போனில், இரண்டு செல் எண்கள் பொறித்த வளையமோ டாலரோ அவர் உடம்பில், எதிர்வீட்டுக்கும் மூலைக்கடைக்கும் தகவல். நோயை மறைத்து வைக்கும் வீட்டில் தேட ஆள் கிடைக்காது.

ஒரே நாளில் ஆள் மாறிவிட்டால்

மறதி நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் கூடும். நேற்று நடந்தவர் இன்று எழுந்திருக்கவில்லை, எப்போதும் பேசுகிறவர் அரைத்தூக்கத்தில் இருக்கிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார் என்றால் ‘நோய் முத்திடுச்சு’ என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றியது, சோடியம் குறைந்தது, மலச்சிக்கல், புது மாத்திரை, கீழே விழுந்து தலையில் பட்டது, ஏதாவது ஒன்று இருக்கும். சர்க்கரை நோயாளியென்றால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். அன்றே மருத்துவமனை. காரணம் பிடிபட்டால் பெரும்பாலும் சரிசெய்ய முடிகிற நிலை இது.

ஆள் வைப்பதென்றால்

ஏஜென்சி மூலம் வைத்தாலும் தெரிந்தவர் மூலம் வைத்தாலும், தேடுவது, பேசுவது, சம்பளம், லீவு நாளுக்கு மாற்று எல்லாமே உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். ஆதார் நகல், முன்பு வேலை செய்த வீட்டில் விசாரிப்பு இரண்டும் கட்டாயம். நகையையும் பணத்தையும் வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நோயாளி தினமும் போடும் திருட்டுப் பழியில் ஒரு நல்ல பெண்ணை இழப்பீர்கள். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது, வாய் சுத்தம், டயப்பர் மாற்றுவது இவற்றைச் செய்துகாட்டச் சொல்லி ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆள் வந்துவிட்டதால் உங்கள் ஞாயிறு ரத்தாகாது.

பார்த்துக்கொள்பவர் தளர்கிறார் என்று எப்படித் தெரியும்?

அவராகச் சொல்ல மாட்டார். தன் பிரஷர் மாத்திரையை விடுகிறார், பல்வலியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார், கல்யாணம் காதுகுத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், போனில் பேச்சு ‘ம்’, ‘சரி’ என்று சுருங்கிவிட்டது, இவற்றில் இரண்டு இருந்தால் உங்கள் பங்கை உடனே கூட்டுங்கள். வாரம் இரண்டு இரவாவது அவர் தொடர்ந்து தூங்க வழி செய்யுங்கள். அவருக்கென்று தனியாக ஒரு டாக்டர் முன்பதிவு போடுங்கள்.

‘அடிச்சுட்டேன்’ என்று அவர் சொல்லக்கூடும். ‘இவர் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது’ என்றும் சொல்லக்கூடும். அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், ‘பெத்த அப்பாவைப் போயி’ என்று தொடங்காதீர்கள். ‘இன்னிக்கு ராத்திரி நான் வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வாரத்துக்கு இரவுப் பொறுப்பு வேறு ஒருவரிடம் மாறட்டும். கை ஓங்கும் நிலை வரும்போது நோயாளியைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். தன்னை முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள்; 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்னும் இந்த அரசுச் சேவையில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டிய தாள்

பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

• ஆம்புலன்ஸ்: 108. போலீஸ்: 112.

• முதியோர் உதவி எண்: 14567. மனநலம்: 14416.

• பக்கத்துப் பொதுநல டாக்டர், நரம்பியல் அல்லது மனநல டாக்டர், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, எதிர்வீடு: எண்களோடு.

• நோயாளி சாப்பிடும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை.

• படுக்கையில் விழுந்துவிட்டவரென்றால், தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரின் எண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

• சென்னையில் இருப்பவர்கள் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவையும், 1992-ல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளையையும் கேட்டுப் பார்க்கலாம். அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் நலப் பிரிவு இருக்கிறது.

• கடைசி வரியில், இந்த வாரம் யாருடைய முறை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. இதைப் பென்சிலால் எழுதுங்கள். மூன்று மாதத்தில் நோயும் மாறியிருக்கும், முறையும் மாறும்.